தடையை முழுதாகச் சொல்: மலம், வினை, அருள் பற்றி நம் ஆசிரியர் மரபு

நம் சபையின் பவள விழா மலருக்கு, ‘அருளே வடிவான இறைவன் இருக்க உலகில் தீமை ஏன்?’ என்னும் பொருளில் ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தார்கள். எனக்கு முன்பே பாடம் கேட்டு, இன்றும் முன்வரிசையில் வந்து அமரும் பெரியவர்கள் இருக்கும்போது நான் எழுதுவது முறையா என்று தயங்கினேன். “உங்க ஐயா சொன்னதை எழுதுங்க, அது போதும்” என்றார் செயலாளர். அந்த எல்லைக்குள் நின்றே எழுதுகிறேன். முப்பொருள் இலக்கணம் அறிந்த சபையோருக்கு எழுதுவதால் அதை முதலிலிருந்து விரிக்கவில்லை. ஐயாவின் பெயரையும் எழுதவில்லை. அவரிடம் பாடம் கேட்டவர் எவரும் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. இந்தச் சபையில் ஐயா என்றால் அவர் ஒருவர்தான்.

நெல்லைச் சீமையில் பிறந்த நமக்கு இந்தப் பொருளில் தனி உரிமை உண்டு. பொதிய மலையடிவாரத்தில், பாபநாசத்துக்குப் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்தில் முக்களாலிங்கராகப் பிறந்த பிள்ளைதான் திருவாவடுதுறை சென்று சிவஞான முனிவராகி, சிவஞான போதத்துக்கு மாபாடியம் செய்தருளினார். அவர் 1785இல் சிவப்பேறு எய்தினார். அந்த ஊர்க்காரர்களான நாம் இந்தக் கேள்விக்கு அரைகுறை விடை சொன்னால் அது அவருக்குச் செய்யும் இழுக்கு.

கேட்கத் தெரிந்த மரபு

தீமையைப் பற்றிய கேள்வி மேல்நாட்டார் வந்து நம்மிடம் கேட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் சந்தான பரம்பரையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. திருத்துறையூரிலிருந்து சகலாகம பண்டிதர் திருவெண்ணெய்நல்லூர் வந்து, ஆணவம் எப்படியிருக்கும் என்று கேட்டு நின்றதும், மெய்கண்டார் அவர் நின்ற நிலையையே சுட்டிக் காட்டியதும் நம் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. அங்கே அருணந்தியாராக மாறியவர் கேள்வியை விட்டுவிட்டாரா? இருபா இருபஃதை எடுத்துப் பாருங்கள். நீ என்னுள் நிறைந்து நிற்கிறாய் என்றால் என் அறியாமை எங்கே நின்றது, அறியாமை என்னுள் நின்றது என்றால் நீ எங்கே நின்றாய் என்று குருவையே மடக்கிக் கேட்கிறார். உமாபதி சிவமும் அப்படித்தான். வினாவெண்பாவின் 13 பாடல்களில் தம் குரு மறைஞான சம்பந்தரை நோக்கி, ஒளியும் இருளும் ஓரிடத்தில் கூடியிருப்பது எப்படி என்று தொடங்குகிறார். பணிவு குறையாமல், கேள்வியின் கூர் மழுங்காமல் கேட்ட மரபு இது.

ஐயா இதை வருடத்துக்கு ஒரு முறையாவது சொல்லுவார். “கேட்டவங்கதாம்ல சந்தானக் குரவர் ஆனாங்க. தலையாட்டினவங்க பேரு ஒண்ணும் ஏட்டுல இல்ல.”

எதிர் வழக்குகளின் வரிசை

அருணந்தியாரின் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பேசும் பரபக்கம் 14 கொள்கைகளை எடுத்து மறுக்கிறது. தீமையை யார் கணக்கில் எழுதுவது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நடந்து பார்த்தால் ஒவ்வொருவரும் எங்கே பிரிகிறார்கள் என்பது விளங்கும்.

உலகாயதனுக்குக் கணக்கே கிடையாது. கண்ட உடம்பு, கண்ட இன்ப துன்பம், அத்துடன் சரி. ஆசீவகன் எல்லாவற்றையும் நியதியின் தலையில் ஏற்றுகிறான். அங்கே செய்பவன் என்று ஒருவனுக்கு இடமில்லை. மீமாஞ்சகர் வினையை ஒப்புக்கொள்கிறார்கள். பயனை வினையே தரும், தருவதற்கு ஓர் இறைவன் எதற்கு என்கிறார்கள். மாயாவாதி துன்பத்தை வியவகாரத்தில் மட்டும் ஒப்புகிறான். பரமார்த்தத்தில் துன்பமும் இல்லை, துன்புறுபவனும் இல்லை.

இவர்கள் புறத்தே நிற்பவர்கள். நமக்கு மிக நெருக்கமாக நின்று பிரிபவர்களை உமாபதி சிவம் 1313இல் செய்த சங்கற்ப நிராகரணத்தில் காண்கிறோம். ஐக்கியவாத சைவர் மாயையையும் கன்மத்தையும் கொண்டு ஆணவத்தை மட்டும் தள்ளினார்கள். இது சின்ன வேறுபாடு போலத் தோன்றும். ஆணவத்தைத் தள்ளினால், தூய உயிர் முதன்முதலில் வினை செய்ததுதான் எதற்காக? இறைவன் செய்வித்தான் என்றால் தீமை அவன் கணக்கில் ஏறும். தானே செய்தது என்றால் தூய உயிருக்குத் தீய விருப்பம் எங்கிருந்து வந்தது? விடையில்லை. ஈசுவர அவிகாரவாதியோ எதிர்ப்பக்கம் போகிறான். இறைவன் மரநிழல் போலச் சும்மா இருப்பான், வெயிலில் வாடிய உயிர் தானே நடந்து போய் அடைய வேண்டும் என்கிறான். உயிரின் உரிமை காக்கப்பட்டது, அருள் போய்விட்டது.

இந்த இரண்டுக்கும் நடுவே சித்தாந்தம் எப்படி நிற்கிறது என்பதில்தான் மரபின் தரம் இருக்கிறது. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல, ஆணவம் உயிரை அநாதியே பற்றியது. இறைவன் அதைப் படைக்கவில்லை. உள்ள பொருள் இல்லாமற் போகாது என்பது நம் சற்காரிய வாதம். ஆகவே அவன் அதை அழிப்பதும் இல்லை, அதன் சத்தியை மடக்குகிறான். முத்தியிலும் ஆணவம் சத்தி கெட்டுக் கிடக்கிறது என்றே நம் நூல்கள் சொல்லும். அநாதியான பொருளை அழித்தல் ஆற்றலின் இலக்கணத்துள் வராது என்று தெளிந்து சொன்ன துணிவு நம் ஆசிரியர்களுடையது. நன்மையும் வேண்டும், ஆற்றலும் வேண்டும், தீமையும் உண்மை என்ற முத்தடையில், மூன்றில் எதையும் மழுப்பாமல் நான்காவதாக ஒரு பொருளைக் கண்டு காட்டினார்கள்.

பிறகு மாயையும் கன்மமும் எதற்கு? வண்ணான் துணியில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுவது அழுக்கைப் போக்கத்தான் என்ற சித்தியார் உவமை போதும். அறுத்துக் கீறித் தீர்க்கும் மருத்துவனும், வளாரால் அடித்துத் திருத்தும் தந்தை தாயும் அதே நூலில் வருகிறார்கள். அடிப்பது மறக்கருணை, அணைப்பது அறக்கருணை, இரண்டும் ஒரே கருணை. திரோதானத்தை மலம் என்று எண்ணினாலும் அது அருட்சத்தியே என்பது இதன் முடிந்த வடிவம்.

அண்டை வீடான வைணவத்திலும் இந்த வழக்கு நடந்தது. அருளுக்கு உயிரின் முயற்சி வேண்டுமா என்பதில் பிள்ளை உலகாசிரியர் வழியும் வேதாந்த தேசிகர் வழியும் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று பிரிந்தன. மலபரிபாகமும் இருவினையொப்பும் வந்த இடத்தில் சத்திநிபாதம் என்ற நம் வரிசையை அவற்றோடு வைத்து ஒப்பிட்டு எழுத வல்ல பெரியவர் ஒருவர் நம் சபையிலேயே இருக்கிறார். அவருக்கு அதை விட்டுவிடுகிறேன்.

உரைகளும் மடங்களும்

சித்தியார் சுபக்கத்துக்கு அறுவர் உரை உண்டு. மறைஞான தேசிகர், சிவாக்கிர யோகிகள், ஞானப்பிரகாசர், நிரம்ப அழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர், சிவஞான முனிவர். ஒரு பாடலுக்கு ஆறு உரையையும் அடுத்தடுத்துப் படித்தவனுக்கு மரபு ஒற்றைக் குரலில் பேசவில்லை என்பது புரியும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பிறந்து சிதம்பரத்தில் வாழ்ந்த ஞானப்பிரகாசர், முத்தியில் உயிர் சிவத்துக்குச் சமமாகும் என்ற சிவசமவாதச் சாய்வில் உரை கண்டார். சிவஞான முனிவர் அதற்குச் ‘சிவசமவாதவுரை மறுப்பு’ எழுதினார். இந்த வழக்கு நம் பொருளுக்குப் புறம்பானதன்று. உயிர் இறுதியில் தானே ஐந்தொழிலும் செய்ய வல்லது என்றால், இன்று அதன் கையைப் பிடித்து எழுத்தெழுதக் கற்றுத்தரும் அருள் வெறும் தற்காலிக உதவி ஆகிவிடும். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் இரண்டும் என்றும் வேண்டும் என்பது மாபாடிய நிலை.

தருமபுரத்துக்கு அதன் சொந்தச் செல்வம் உண்டு. குருஞான சம்பந்தரின் சிவபோகசாரமும் முத்தி நிச்சயமும், வெள்ளியம்பலவாணத் தம்பிரானின் உரைகளும் எந்த மடத்தாரும் தலைவணங்க வேண்டியவை. துறைசை எனப்படும் திருவாவடுதுறையின் பண்டார சாத்திரம் 14இல் நாங்கள் ஊறியவர்கள் என்பதால் அவற்றைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். ஐயாவின் மேசையில் இரண்டு மடத்துப் பதிப்பும் இருந்தன. எதற்கும் அட்டை கிழிந்து நான் பார்த்ததில்லை.

ஆங்கிலத்தில் இந்த வழக்கு ஏறிய காலத்தையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். வட்டுக்கோட்டைச் செமினரியில் இருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் 1854இல் சிவஞான போதத்தை மொழிபெயர்த்து வெளியிட்டார். மாவட்ட முனிசீப்பாக இருந்த நல்லசாமிப் பிள்ளை 1895இல் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டு, 1897இல் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’யில் எதிர்வழக்குகளுக்கு விடை சொல்லத் தொடங்கினார். 1905இல் சைவ சித்தாந்த சமாசம் எழுந்தது. எதிர் வழக்காடுவோர் வலுவாக இருந்த காலத்தில் நம்மவர்களும் வலுவாக இருந்தார்கள்.

ஐயாவின் ஞாயிறு வகுப்பு

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, சபை மாடியில், பாய் விரித்து வகுப்பு. ஐயா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் ஒரு மணி நேரம் மூலமும் உரையும். அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பெயர் ‘தடை மணி’. வாரம் ஒருவர் எழுந்து எதிர்வழக்காளராக நிற்க வேண்டும். உலகாயதனாக நின்றால் உலகாயதனாகவே பேச வேண்டும். “நம்ம ஆளுங்கிற நெனப்பு முகத்துல தெரியுதுல, உக்காரு” என்று என்னை இரண்டு முறை உட்கார வைத்திருக்கிறார். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: “தடையை முழுசாச் சொல்லு. பாதித் தடைக்கு முழு விடை கிடைக்காது.”

உயிருக்குச் செயலுரிமை உண்டா என்ற தடையை அவர் இலக்கணத்தால் அவிழ்ப்பார். அரசன் கோயில் கட்டினான் என்கிறோம், தச்சன் கோயில் கட்டினான் என்றும் சொல்கிறோம். முன்னவன் ஏவுதற் கருத்தா, பின்னவன் இயற்றுதற் கருத்தா. தச்சன் கோணலாகச் செதுக்கிய தூணுக்கு அரசன்மேல் குற்றம் சொல்ல முடியுமா? உளியும் கூலியும் அரசன் தந்தது, கோணல் தச்சன் கையது. சூரியன் முன்னே ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று முகையாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது. சூரியனிடம் வேறுபாடு இல்லை. அவனன்றி ஓரணுவும் அசையாது என்ற வழக்குமொழி ஏவுதலைச் சொல்கிறது. அதை எடுத்து இயற்றுதலுக்குப் பூசினால் திருடனும் சிவனைச் சாட்சிக்கு அழைப்பான் என்பார்.

பேறு, இழப்பு, இன்பம், பிணி, மூப்பு, சாவு ஆகிய ஆறும் கருவிலேயே அமைந்தன என்று சித்தியார் சொல்வதை ஒரு மாணவர் எடுத்து, பிறகு எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டார். ஐயா கரும்பலகையில் ஆறையும் எழுதினார். “இதுல கொடுத்தல், கெடுத்தல், பொய் சொல்லுதல், தூக்கிவிடுதல் இருக்கா, பாரும் வே” என்றார். இல்லை. ஆறும் நுகர்ச்சி. நுகரும்போது எழும் விருப்பு வெறுப்பில் புதிதாகச் செய்வதுதான் ஆகாமியம். அந்த வாசல் திறந்தே இருக்கிறது. இறைபணியில் நிற்பவனுக்கு அதுவும் ஏறாது என்று சிவஞான போதத்தின் பத்தாம் சூத்திரத்தில் கொண்டுபோய் முடிப்பார்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்ட நாள். அடுத்த ஞாயிறு வகுப்பில் எவருக்கும் ஏட்டைப் பிரிக்க மனம் வரவில்லை. மூத்தவர் ஒருவர், மிக நல்லவர், “அந்தப் பிஞ்சுகளோட பிராரத்தம்” என்று பெருமூச்சு விட்டார். பின்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் எழுந்து, “எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நாள்ல, ஒரே மாதிரியா ஐயா?” என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. அன்றைய தடை மணி அதுவாகவே ஆயிற்று.

ஐயா வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னதை அன்றிரவே எழுதி வைத்தேன். “சஞ்சிதக் கணக்குச் சிவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அடுத்தவன் ஏட்டைப் பிரிச்சு வாசிக்க நமக்கு அதிகாரம் கிடையாது. நம்ம கண்ணுக்குத் தெரியுறது ஓலைக் கூரை. அத வேய்ஞ்சவன், பாத்தவன், பாத்துட்டுப் பேசாம போனவன். அது ஆகாமியம். அத நாம பேசலாம், பேசியே ஆகணும்.” சிறிது நிறுத்தி, தமிழாசிரியராகவே முடித்தார். “வினைங்கிற சொல்லத் தன்மையில சொல்லு. என் வினைன்னு சொன்னா அது ஞானத்துக்கு வழி. முன்னிலையிலயும் படர்க்கையிலயும் சொல்லாத. உன் வினை, அவன் வினைன்னு சொன்ன நாக்குல ஆணவம் உக்காந்திருக்கும்.”

நன்றுக்கும் தீதுக்கும் சித்தியார் தரும் இலக்கணம் இதம், அகிதம் என்பதே. உயிர்க்கு இதம் செய்தல் நன்று, அகிதம் செய்தல் தீது. துன்புறுபவன் முன்னே நின்று வினை விளக்கம் சொல்வது இதமா, அகிதமா? நாற்பது ஆண்டுக் கேள்வியில் நான் கற்றது இந்த அளவுகோல்தான். சித்தாந்தத்தின் விடை சரியானதா என்பதை ஏதுவும் எடுத்துக்காட்டும் கொண்டு அளக்கலாம். சொன்னவன் சித்தாந்தியா என்பதை அவன் யாரிடம், எப்போது சொன்னான் என்பதைக் கொண்டே அளக்க முடியும்.

நெஞ்சில் உள்ளதைச் சொல்ல வேண்டியிருக்கிறது

இனி எழுதுவது எவரையும் குறித்ததன்று. நம் மேடையில் பேசிய அறிஞர்கள் அனைவரும் என் வணக்கத்துக்குரியவர்கள். பொதுவில் இன்று நிலவும் போக்கைத்தான் சொல்கிறேன்.

தடை மணி நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஐயா படுக்கையில் விழுந்த பிறகு முதலில் அரைமணி ஆயிற்று. பிறகு மாதம் ஒரு முறை. பிறகு நேரமில்லை என்று விடுபட்டது. அந்த நேரத்தில் இப்போது வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை, குழுப்படம். நாற்பது நிமிடச் சொற்பொழிவில் தீமை பற்றிய வினா வந்தால், எல்லாம் அவன் செயல் என்று ஒரு வரி, ஒரு திரைப்படக் கதை, கைதட்டல், அடுத்த தலைப்பு. ஆணவத்தின் பெயரே வராமல் தீமைக்கு விடை சொல்லி முடித்த உரைகளை நானே கேட்டிருக்கிறேன். அது ஐக்கியவாதம் என்று பேசியவருக்கும் தெரியவில்லை, கேட்டவருக்கும் தெரியவில்லை. 1313இல் மறுத்த கொள்கை நம் ஒலிபெருக்கியிலேயே திரும்பி வந்திருக்கிறது, எழுந்து தடுக்க ஒரு குரல் இல்லை.

பாடத்திட்டத்திலிருந்து பரபக்கத்தை எடுத்துவிட்டார்கள். கடினம், பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று காரணம். சுபக்கம் மட்டும் படித்தவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வழி நடப்பவன். எதிரியின் வழக்கே தெரியாதவனுக்குத் தன் வழக்கு எப்படித் தெரியும்? ஒரு சொல்லைக் காக்க ‘எடுத்து என்னும் சொல்லுக்கு இட்ட வைரக்குப்பாயம்’ என்று ஒரு நூலே செய்தார் சிவஞான முனிவர். ஒரே ஒரு சொல்லுக்கு! அவர் வழியில் வந்த நாம் திரோதானத்துக்கும் ஆவரணத்துக்கும் வேறுபாடு கேட்டால் கைப்பேசியைத் தட்டிப் பார்க்கிறோம். இரண்டு நாள் முகாமில் சிவஞான போதத்தின் 12 சூத்திரத்தையும் முடித்துச் சான்றிதழ் தருகிறார்கள். முதல் சூத்திரத்தில் சங்காரத்தை முதலில் வைத்தது ஏன் என்ற ஒரு வினாவுக்கே எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆயின.

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும், இன்னும் சொல்கிறேன். வீட்டுப் பிள்ளை கல்லூரியிலிருந்து வந்து, கடவுள் நல்லவர் என்றால் புற்றுநோய் எதற்கு என்று கேட்கிறான். தகப்பன் விழிக்கிறார், அல்லது அதட்டுகிறார். பிள்ளை கோயிலை விட்டுப் போகிறான். போனவன் வேறிடத்தில் விடை கேட்கிறான், அல்லது விடையே இல்லை என்று அமைதி கொள்கிறான். குடமுழுக்குக்குக் கூட்டம் குறையவில்லையே என்பார்கள். கூட்டம் இருக்கிறது, கேட்கத் தெரிந்தவர்தாம் இல்லை. திருமுறை ஓதுவார் குறைந்ததும், மடத்து நூலகங்களில் ஏடுகள் தூசு படிவதும், சபைகளில் தலை நரைத்தவர்களே மிஞ்சுவதும், இவை எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஒரு மணி நேரம் போனதுதான் என்று நான் நம்புகிறேன். மிகையென்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இத்தனை வேகம் எனக்கு ஏன் என்றால், அதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது. என் அக்காள் மகன் பத்தொன்பது வயதில் ஆற்றோடு போனான். மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் சமயச் சொற்பொழிவு செய்யும் ஒருவர் இருந்தார். அக்காளின் எதிரே அமர்ந்து, முற்பிறவியில் தாய் செய்த வினை பிள்ளை வழியே வருவதுண்டு என்று உவமைகளோடு விளக்கினார். அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. ஆறுதல் என்றே நினைத்தார். அக்காள் அதன்பின் ஒன்றரை ஆண்டு விளக்கேற்றவில்லை. தான் எதைச் செய்து பிள்ளையைக் கொன்றோம் என்று இரவில் எழுந்து கேட்பாள்.

அன்று மாலை ஐயா வந்தார். திண்ணையில் அமர்ந்தார். ஒரு சொல் பேசவில்லை. பதினாறாம் நாள் வரைக்கும் தினமும் வந்து, ஒரு மணி நேரம் இருந்து, எழுந்து போனார். மாபாடியம் முழுவதும் வரிவரியாகச் சொல்ல வல்லவர். ஒன்றரை ஆண்டு கழித்து அக்காள் தானாக அவர் வீட்டுக்குப் போய், “சாமி நல்லவர்தானா ஐயா?” என்று கேட்டாள். “கேட்டுட்டேல்லா, உக்காரும்மா” என்று சொல்லித் திருவருட்பயனில் இருள்மல நிலையை எடுத்தார். பத்துக் குறளுக்குப் பத்து மாதம் ஆயிற்று. அவள் கேட்ட ஒரு தடையையும் அவர் பாதியில் நிறுத்தவில்லை. அக்காள் வீட்டில் இப்போது விளக்கு எரிகிறது.

இந்தப் பவள விழாவில் சபைப் பெரியவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஞாயிறு மாலை ஐந்து முதல் ஆறு வரை அந்த ஒரு மணி நேரத்தைத் திரும்பத் தாருங்கள். பாயும் கரும்பலகையும் மாடியில் அப்படியே இருக்கின்றன. வருகிறவர் மூவராயினும் போதும். முதல் வாரம் எதிர்வழக்காளராக நானே எழுந்து நிற்கிறேன். தடையை முழுதாகச் சொல்கிறேன்.